சும்பிங் மலை இறக்கம்

பத்தாவியா, யாவா
14 யூன் 1931

அன்புள்ள தங்கச்சி குணலட்சுமிக்கு,

உறையிலுள்ள முத்திரையைப் பார்த்ததும் உனக்கு விளங்கியிருக்கும். நான் பினாங்கில் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. என்னுடைய ட்றங்குப்பெட்டி மாத்திரம் ஏறிற்று. உரும்பிராயார் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பு. அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் துருவிக் கேட்கவேண்டாம்.

ஈப்போக் கந்தோரில் ஆட்குறைப்பு வந்தபோது எனக்குப் பக்கத்து மேசைக்காரன் சிமியோனுக்கும் வேலை போயிற்று. அவன் குருநகர்ப் பொடியன். முன்பும் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். வீதியில் நின்றுகொண்டு அவன் சொன்னான், “இராசநாயகம், ஊருக்குப் போனால் இனி எங்கடை காலுக்கு எங்கை வேலை? போறதுக்கு முதல் ஒருக்கா யாவாவிலை சைக்கிள் ஓடிப் பாப்பம்.” அங்கே நெருப்பு மலைகள் வரிசையாக நிற்கின்றன என்று ஒரு கப்பல் கம்பனியின் படப்புத்தகத்தில் பார்த்திருந்தான்.

நான் கீரிமலைக்குக் குளிக்கப் போய் வளர்ந்தவன். பெயரில் மலை இருக்கிறதே தவிர அங்கே மலையைக் கண்டவர் யார்? ஈப்போவில் யன்னலுக்கு வெளியே மலை நின்றது. இத்தனை வருஷமாக ஒருநாளும் ஏறவில்லை. ஊருக்கு வந்து மாப்பிள்ளையாக இருந்துவிட்டால் பிறகு ஏறப்போவதுமில்லை.

கொடிகாமத்தாருக்குக் கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. தில்லைநாதன் மாஸ்ரர் உன்னை முடிக்கிறார், நான் அவருடைய தங்கச்சி பாலேஸ்வரியை முடிக்கிறேன். மாற்றுக் கலியாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தைக்கு முன் வந்துவிடுவேன். ஐயாவுக்கு நீயே பக்குவமாகச் சொல்லு. பாண்டுங் தபாற்கந்தோருக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும்.

அண்ணை
இராசநாயகம்


இணுவில்
9 யூலை 1931

அண்ணைக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. அம்மா அதைத் திறக்க விடவில்லை, நீங்கள் வந்துதான் திறக்கவேண்டுமாம். அறைக்குள் அது கிடக்கிற கிடையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயாவுக்குப் பக்குவமாகச் சொல்ல என்ன இருக்கிறது? கடிதத்தைக் கையிலே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது சொன்னார், “உவன் வாற எண்ணத்திலை இல்லைப் பிள்ளை. வாற எண்ணம் இருக்கிறவன் பெட்டியைத் தனிய அனுப்பமாட்டான்.”

போன கிழமை தில்லைநாதனின் தாயார் வந்தார். மாப்பிள்ளை எந்தக் கப்பலில் வருகிறார் என்று கேட்டார். அம்மா கந்தோரில் கொஞ்சம் வேலை மிச்சம் என்று சொன்னா. கந்தோரே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்பு இரண்டு இடம் பேசிக் குழம்பிப்போனதை நீங்கள் அறிவீர்கள். அந்த இரண்டிலும் வந்தவர்கள் ஐயாவின் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுதான் விசாரித்தார்கள். தில்லைநாதன் ஒருநாள் தாயாரைக் கூட்டிக்கொண்டுபோக வந்தார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனையாம் வகுப்பு மட்டும் படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். “நீர் விடாமல் படிச்சிருக்கலாம்” என்றார். செம்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

இதை வேறு எவருக்கும் நான் சொன்னதில்லை. அண்ணை, எனக்கு இந்த இடம் வேண்டும். நீங்கள் வராவிட்டால் அவர்கள் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்னை எடுக்கமாட்டார்கள். சைக்கிள் ஓடுவதை ஊரிலும் ஓடலாமே. மலை இல்லைத்தான். மலை இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறோம்.

தங்கச்சி
குணம்


வொனோசோபோ, நடு யாவா
10 ஓகஸ்ற் 1931

அன்புள்ள குணத்துக்கு,

உன் கடிதம் பாண்டுங்கில் கிடைத்தது. இங்கேயும் கந்தோரைக் கந்தோர் என்றுதான் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல் இங்கே இன்னும் வேலையில் இருக்கிறது. சிமியோனுக்கு அதில் பெரிய சந்தோஷம். தபாற்கந்தோர் வாசலில் நின்று உன் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு அவனோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

ஐயா சொன்னதில் பாதி சரி. பத்தாவியாவில் இறங்கியபோது திரும்புகிற நாளை நான் யோசிக்கவில்லை. முதல் மலை ஏறும்போதும் யோசிக்கவில்லை. அதில் சைக்கிள் எங்களைக் கொண்டுபோகவில்லை, நாங்கள்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் தேயிலை. மேலே போனதும் குளிர். பிறகு இறக்கம். குணம், இறக்கம் என்ற ஒன்று எங்கள் நாட்டில் இல்லை. மிதிக்காமல் போவது என்றால் என்னவென்று நீ அறியமாட்டாய். வளைவுக்கு வளைவு பிறேக்கைப் பிடித்துப் பிடித்து அதன் றப்பர் எரிந்து மணத்தது. அடிவாரத்தில் ஒரு வண்டிக்காரன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இலையோடு ஒரு கொப்பை வெட்டிச் சைக்கிளின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கச் சொல்லித் தந்தான். அன்று தொடக்கம் ஒவ்வொரு இறக்கத்திலும் கொப்புக் கட்டித்தான் இறங்குகிறோம். பின்னால் புழுதி கிளம்பும். இரண்டு பேரும் வீதி கூட்டிக்கொண்டு போகிறவர்கள் போல இருப்போம்.

காரூட் என்ற ஊரில் சைக்கிளை நாங்கள் தங்கிய வாடிவீட்டில் விட்டுவிட்டு ஒரு நெருப்பு மலையின் வாய்க்குள் நடந்து போனோம். நிலம் சப்பாத்துக்குள்ளால் சுட்டது. எங்கும் மஞ்சள் கந்தகம். நெல் அவிக்கிற பெரிய தாச்சி காலுக்குக் கீழே மூடிக்கிடந்து கொதிப்பதுபோல ஒரு சத்தம். சிமியோன் சிலுவை போட்டுக்கொண்டான்.

நேற்று முன்தினம் டியெங் என்கிற மேட்டுநிலத்துக்குப் போனோம். மேகத்துக்குள்ளே சின்னச் சின்னக் கற்கோயில்கள். எல்லாம் சிவன் கோயில்கள். பழைய காலத்து ராசாக்கள் கட்டியவையாம். விளக்கில்லை, ஐயர் இல்லை, பக்கத்தில் கந்தகப் புகை. நான் ஒரு தேவாரம் பாடத் தொடங்கினேன், இரண்டாம் அடிக்குமேல் நினைவு வரவில்லை. சிமியோன்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்றான்.

ஐயாவிடம் இதைச் சொல்லு. சும்பிங் மலையின் இடுப்புவரை புகையிலைதான். கிணறில்லை, துலா இல்லை. பனி ஈரத்திலேயே வளர்கிறது. இலை எங்கள் தோட்டத்து இலையைவிடச் சின்னது, காரம் கூட.

நாளைக்குச் சும்பிங்குக்கும் சிந்தோரோ மலைக்கும் நடுவே ஏறி மறுபக்கம் இறங்குகிறோம். அதுதான் கடைசி மலை. பிறகு சமாராங் துறைமுகம், கொழும்புக்குக் கப்பல். தில்லைநாதனைப் பற்றி எழுதினாயே, அதை முன்பே அறிந்திருந்தால் பத்தாவியாவிலேயே திரும்பியிருப்பேன் என்று எழுத ஆசை. அப்படித் திரும்பியிருக்கமாட்டேன். ஆனால் இப்போது வருகிறேன். அம்மாவிடம் பெட்டியைத் திறந்து வேட்டிகளை வெயிலில் போடச் சொல்லு.

உன் அண்ணை


இணுவில்
4 செப்ரெம்பர் 1931

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். ஐயாவுக்குப் புகையிலைக் கதையை வாசித்துக் காட்டினேன். “கிணறில்லாமல் என்ன புகையிலை, உவன் புளுகிறான்” என்றார். பிறகு படலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடிகாமத்தார் வந்து நாள் பார்த்தார்கள். தை மாசம், இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில். பாலேஸ்வரியும் தாயாரோடு வந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளமை. அதிகம் கதைக்கமாட்டாள். போகும்போது மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், “அவர் போற இடத்திலை குளிர் கூடவோ?” நான் உங்கள் கடிதத்தில் நெருப்பு மலை வருகிற இடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிக்கவேண்டாம்.

இந்தக் கடிதம் சமாராங்குக்கு வரும்போது நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். இருந்தும் எழுத வேண்டும்போல இருந்தது. எழுதுகிறேன்.

குணம்


ஆஸ்பத்திரி, மகெலாங்
15 செப்ரெம்பர் 1931

அன்புள்ள குணத்துக்கு,

எழுத்து வேறு மாதிரி இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வொனோசோபோவிலிருந்து எழுதினேனே, அதற்கு மறுநாள் காலையில் ஏறினோம். உச்சியில் மேகம் விலகி இரண்டு மலையும் இரண்டு பக்கமும் தெரிந்தன. சிமியோன் முன்னால் இறங்கினான். நானும் கொப்புக் கட்டித்தான் இறங்கினேன். கொஞ்சத் தூரம் போனதும் சரிவு குறைந்ததுபோல இருந்தது. காற்று நல்லாக இருந்தது. கடைசி இறக்கம் இது என்று நினைத்தேன். இறங்கி நின்று கொப்பை அவிழ்த்து எறிந்துவிட்டு ஏறினேன்.

வளைவு திரும்பியதும் வீதி விழுந்துகொண்டு போனது. றப்பர் முன்பே தேய்ந்திருந்தது. புகையிலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே ஏறி வந்தது. மாட்டை இடிக்காமல் மண்மேட்டுப் பக்கம் ஒடித்தேன். விழுந்து உருண்டு வண்டிச் சில்லுக்குக் கீழே போனேன். இடதுகால். அந்த வண்டிக்காரனே பாரத்தை வீதியில் இறக்கிவைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தான். சிமியோன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

காயம் கறுக்கத் தொடங்கியது. இங்கே டொக்டர் ஒல்லாந்தர், வயதானவர், நல்ல மனிதர். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இத்தனை நாளும் எழுதாமல் இருந்ததற்கு நோவு மட்டும் காரணமில்லை. எழுதத் தொடங்கினால் நீ எழுதியிருந்த செம்புத் தண்ணீர்தான் நினைவில் வருகிறது. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நீ சொல்லு. கொடிகாமத்துக்கும் ஐயாவைக்கொண்டு சொல்லுவி. காலம் தாழ்த்தாதே. அவர்கள் வேறு இடம் பார்க்கவேண்டியிருக்கும்.

இராசநாயகம்


இணுவில்
8 ஒக்ரோபர் 1931

அண்ணைக்கு,

கடிதத்தை நான் ஒருத்திதான் வாசித்தேன். வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். ஒன்றை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். தை மாசக் கலியாணம் போய்விட்டதே என்றுதான் எனக்கு முதலில் வந்தது. உங்கள் கால் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போதுதான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டில் உங்களுக்கு மலைக்காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா நேர்த்தி வைத்துவிட்டா. கொடிகாமத்தாரும் காய்ச்சல் என்றுதான் நம்புகிறார்கள். தில்லைநாதனின் தாயார் ஐயாவிடம் சொன்னார், மாப்பிள்ளை ஆறுதலாகச் சுகமாகி வரட்டும், குறித்த நாளில் உங்கள் பிள்ளையின் கலியாணத்தை நடத்துவோம், மற்றது ஆனியில் ஆகட்டும் என்று. அவர்களாகவே சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அண்ணை, ஆனி வரைக்கும் பொறுங்கள். எழுதாமல் இருங்கள். கட்டைக்கால் செய்து தருகிறார்களாமே. வேட்டிக்குள்ளே என்ன தெரியும்? என் கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பிறகு அவர்களுக்கு உங்களை விடவும் முடியாது. பாலேஸ்வரி பொறுமையான பிள்ளை. நான் அவளோடு ஒரே வீட்டு ஆள்போல இருந்து அவளைத் தேற்றுவேன். சத்தியமாகச் சொல்லுகிறேன்.

சிமியோன் அண்ணை ஊருக்கு வந்தால் வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். குருநகரில் சொன்னால் மறுநாள் சந்தைக்கு வந்துவிடும்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். கொப்பை அவிழ்த்தது நீங்கள். நான் ஒன்றும் அவிழ்க்கவில்லை.

குணம்


மகெலாங்
2 நொவெம்பர் 1931

அன்புள்ள குணத்துக்கு,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள். கட்டைக்கால் வைத்து நடக்கப் பழக்குகிறார்கள். வாசல்வரை போய்த் திரும்புவேன்.

நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியவில்லை. வேட்டிக்குள் மறைக்கலாம், ஊருக்கு மறைக்கலாம். மணவறையில் பக்கத்தில் இருக்கப்போகிறவளுக்கு எப்படி மறைப்பது? அவள் ஒருமுறை என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆகையால் தில்லைநாதனுக்கு நானே எழுதிவிட்டேன். இந்தக் கப்பலிலேயே அதுவும் வருகிறது. உன்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கவேண்டும். கேட்டால் நீ மறிப்பாய், நீ மறித்தால் நான் நின்றுவிடுவேன் என்று பயந்தேன். உனக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் அவருக்கு எழுதியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

அவர் நல்ல மனிதர் என்று எனக்குச் சொன்னவள் நீ. நல்ல மனிதராயிருந்தால் என் கால் போனதற்காக உன்னை விடமாட்டார். நான் அதைத்தான் நம்பி எழுதினேன். சிமியோனும் அப்படித்தான் சொன்னான். அவன் நாளைக்குப் பினாங்குக்குப் புறப்படுகிறான், அங்கே ஒரு வேலை சரிவந்திருக்கிறதாம். ஊருக்கு வரவில்லை. அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

அண்ணை


இணுவில்
1 டிசெம்பர் 1931

இராசநாயக அண்ணைக்கு,

தில்லைநாதன் வந்தார். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. ஐயா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். அப்போதுதான் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் உங்கள் கால் போன செய்தி தெரியவந்தது. அம்மா நிலத்தில் இருந்துவிட்டா.

அவர் குரல் உயர்த்தவில்லை. “குணலட்சுமியிலை எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் என்ரை தங்கச்சியைக் கண்ணைத் திறந்துகொண்டு இப்பிடி ஒரு இடத்திலை குடுக்க என்னாலை ஏலாது. அவளை வீட்டிலை வைச்சுக்கொண்டு நான் மட்டும் முடிக்கவும் ஏலாது” என்றார். ஐயாவாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார், “உமக்கு இது முன்னமே தெரியுமோ?”

நீங்கள் சொல்லித் தந்தபடி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார் அண்ணை. இரண்டாவது தரம் என்னோடு கதைக்கிறார். எனக்குப் பொய் வரவில்லை. ஓம் என்று சொன்னேன். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். கால் போன செய்திக்கு அந்த முகம் அப்படி மாறியிருக்காது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள். அவரும் நல்லவர்தான். நான் மட்டும் என்ன ஆனேன் என்று பாருங்கள். உங்களுக்கு அந்த மலைகளும் வேண்டும், சத்தியமும் வேண்டும். இரண்டுக்கும் இங்கே இருந்து கொடுத்தது நான். ஐயா சொன்னது முழுக்கச் சரி, உங்களுக்கு வர மனமில்லை. ஒரு கால் போனாலும் போகட்டும் என்று வராமல் இருந்துவிட்டீர்கள். இதை எழுதிவிட்டுக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

குணலட்சுமி


சமாராங்
20 பெப்ரவரி 1932

அன்புள்ள குணத்துக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இரண்டு மாதம் கேட்டு நடந்தேன்.

இங்கே காயல்பட்டணத்து மரைக்காயர் ஒருவருடைய புடவைக்கடையில் இங்கிலீசுக் கடிதங்கள் எழுதிக்கொடுக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை தந்திருக்கிறார். சைக்கிளைச் சிமியோன் தனக்கு வேண்டாமென்று விட்டுப்போனான், நான் விற்றுவிட்டேன். காலைவேளையில் கடைவாசலில் நின்றால் தெற்கே மலைகள் தெரியும். எது சும்பிங் என்று இங்குள்ளவர்கள் சொல்லித் தந்தார்கள். பார்க்காமல் இருக்க முயற்சிக்கிறேன்.

எனக்கு வர மனமில்லை என்று எழுதியிருந்தாய். மனம் இருந்ததா என்று நானும் என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். உச்சியில் மேகம் விலகியபோது நான் உன்னையும் நினைக்கவில்லை, கொடிகாமத்தையும் நினைக்கவில்லை. அது உண்மை. கீழே வந்து கப்பல் ஏறுவேன் என்பதும் உண்மையாகத்தான் இருந்தது. இப்போது இரண்டையும் யாரிடம் நிரூபிப்பது?

வா என்று ஐயா ஒரு வரி எழுதினால் வருகிறேன். நீ எழுதினாலும் வருகிறேன்.

அண்ணை


இணுவில்
27 யூன் 1932

அண்ணைக்கு,

ஐயாவிடம் உங்கள் கடிதத்தை அப்போதே கொடுத்தேன். வரச் சொல்லவுமில்லை, வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் பெட்டியை ஒருநாள் தானே திறந்து வேட்டிகளை எடுத்து வெயிலில் போட்டா. பிறகு மடித்து உள்ளே வைத்தா. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு ஆவணியில் கலியாணம். பண்டத்தரிப்பில் வயல் செய்கிற கமக்காரர், மனைவி இறந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். ஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஐயா களைத்துப்போனார், நானும் ஓம் என்றேன்.

எழுதக்கூடாது என்றிருந்த நான் எழுதுவது அதற்காக இல்லை. இங்கே கந்தசுவாமி கோயில் தேருக்குப் பாலேஸ்வரி வந்திருந்தாள். தில்லைநாதன் மீசாலையில் வேறொரு மாற்றுச் சம்பந்தம் செய்துவிட்டார். அந்த வீட்டு மகளை அவர் முடித்தார், அந்த வீட்டு மகனுக்குப் பாலேஸ்வரியைக் கொடுத்தார்கள். பங்குனியில் நடந்தது. என்னைக் கண்டதும் விலகிப் போவாள் என்று நினைத்தேன். அவளாகவே சனத்துக்குள்ளால் வந்து என் பக்கத்தில் நின்றாள். மெலிந்துபோயிருந்தாள்.

முதலில் உங்கள் சுகத்தைக் கேட்டாள். கட்டைக்காலோடு நடக்கிறார், ஒரு கடையில் வேலை செய்கிறார் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். உனக்குத் தெரியாமல் மறைக்க நினைத்தது நான்தான், அண்ணை இல்லை என்றேன்.

“தெரியும்” என்றாள். “அவர் எழுதின கடிதத்தை எங்கடை அண்ணை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர். நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நல்ல கடிதம். எனக்குக் கால் ஒரு காரியமா இருக்கேல்லை. கேட்டிருந்தால் ஓம் எண்டு சொல்லியிருப்பன். அவரும் என்னைக் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை, அண்ணையும் கேக்கேல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்துகொண்டிருந்தது, சத்தத்தில் அவள் என் காதோடு குனிந்து சொன்னாள். புருஷன் தூரத்தில் நின்று கையைக் காட்டினான். அவள் போய்விட்டாள்.

அவளை ஒரு சொல் கேட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் இங்கே இருந்திருப்பீர்கள். நான் கொடிகாமத்தில் இருந்திருப்பேன். அந்தப் பிள்ளை ஆள்வைத்துக் கேட்கமுடியாத தூரத்திலா இருந்தாள்? இந்த வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் இருந்து உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டுப் போனவள்.

இதை உங்களுக்குத் தெரியாமல் விட்டிருக்கலாம். அங்கே தனியே இருக்கிற மனிதனுக்கு இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பத்துநாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். இதை அறிந்தவள் நான் ஒருத்தியாக மட்டும் பண்டத்தரிப்புக்குப் போக என்னால் முடியவில்லை.

கலியாணத்துக்கு வரவேண்டாம்.

குணம்